எனர்ஜி முறையோடு எட்டு வருடம்: கம்ப்ரஸர் பிளேடு ஃப்ளட்டர் கணக்கு

ஜெட் எஞ்சின் கம்ப்ரஸர் பிளேடுக்கு ஃப்ளட்டர், அதாவது காற்றோட்டத்தால் தானே வளர்ந்துகொண்டே போகும் ஆட்டம், வருமா வராதா என்று பார்க்க எட்டு வருடமாக நான் நம்பியிருப்பது 1967-இல் கார்ட்டா எழுதிய எனர்ஜி முறையைத்தான். பிளேடை அதன் இயல்பான மோடு (அது தானாக அதிரும் பாங்கு) ஒன்றில் நாமே கணினிக்குள் ஆட்டிவிடுகிறோம். ஒரு சுற்று ஆடி முடிப்பதற்குள் காற்று அதற்கு ஆற்றல் கொடுத்ததா, அதனிடமிருந்து பிடுங்கியதா என்று பார்க்கிறோம். பிடுங்கினால் நிம்மதி. கொடுத்தால், அதைத் தின்னப் போதுமான உராய்வு வேரில் (பிளேடு டிஸ்க்கில் பொருந்தும் இடத்தில்) இல்லாவிட்டால், ஃப்ளட்டர். விமான இறக்கைக்கு இது சரிப்படாது. அங்கே காற்று இரண்டு மோடுகளைக் கோத்துவிடும். கம்ப்ரஸர் பிளேடு காற்றைவிட அவ்வளவு கனம் என்பதால் மோடு ஷேப், அதாவது அதிரும் வடிவம், பெரிதாக மாறாது. (கார்பன் ஃபைபர் ஃபேன் பிளேடு என்றால் எனக்கு இந்தத் தைரியம் கொஞ்சம் குறையும்.)

கை பழகியது நாசாவின் ரோட்டார் 67 என்ற சோதனை ரோட்டாரில். 22 பிளேடு, 16,043 ஆர்பிஎம், வடிவம் எல்லோருக்கும் கிடைக்கிறது. 22 பிளேடு என்றால் அடுத்தடுத்த பிளேடுகளுக்கு இடையே வரக்கூடிய ஃபேஸ் ஆங்கிளும் (ஒரு பிளேடின் ஆட்டம் அடுத்ததைவிட எவ்வளவு முந்துகிறது அல்லது பிந்துகிறது என்ற கோணம்) 22-தான், 16.36 டிகிரிக்கு ஒன்று. முதலில் ஒவ்வொன்றுக்கும் தனி ரன் போட்டு நாட்களைத் தொலைத்தேன். இப்போது ஒரே பிளேடை ஆட்டி, அக்கம்பக்கத்துப் பிளேடுகளில் விழும் அழுத்தத்தைக் கூட்டிக்கொள்கிறேன். டேம்பிங்கை, அதாவது ஆட்டத்தைக் காற்று எவ்வளவு அடக்குகிறது என்பதை, ஃபேஸ் ஆங்கிளுக்கு எதிராக வரைந்தால் ஒரு சைன் அலைபோல வரும். அதன் சராசரி, பிளேடு தன் ஆட்டத்தால் தானே சம்பாதித்தது. அலையை உண்டாக்குவது இடமும் வலமும் உள்ள இரண்டு பிளேடுகள். சராசரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அடிப்புள்ளி பூஜ்யத்துக்குக் கீழே போனால் கதை முடிந்தது. ஒலி அலைகள் ஒத்ததிரும் கோணங்களில் திடீர்க் கூர்முனை வரும். இந்தக் குறுக்குவழி அதைத் தவறவிடும், அங்கே மட்டும் தனி ரன்.

என்னை அதிகம் படுத்தியது மெஷ் (காற்றோட்டத்தைக் கணக்கிடப் போடும் கட்ட வலை) அல்ல, பிளஸ்-மைனஸ் குறி. மோடு ஷேப் தந்த மென்பொருளும் காற்றோட்ட மென்பொருளும் சுழலும் திசையை எதிரெதிராக எடுத்துக்கொண்டிருந்தன. வளைகோடு அழகாகத்தான் வந்தது, கண்ணாடியில் பார்த்தது போல. அடிப்புள்ளி பெரும்பாலும் முன்னோக்கி, அதாவது ரோட்டார் சுழலும் திசையிலேயே, ஓடும் அலைப் பக்கம்தான் விழும். எனக்குப் பின்னோக்கிய பக்கம் விழுந்தது. அதைப் பிடிக்க இரண்டு வாரம். அப்புறம், ஓடும்போது முறுக்கு அவிழ்ந்த பிளேடு வடிவத்தைக் கொடுக்காமல் பட்டறை வடிவத்தைக் கொடுத்து ஒரு மாத வேலையைக் குப்பையில் போட்டதும் உண்டு. ரெட்யூஸ்ட் ஃப்ரீக்வன்ஸி (அதிர்வெண்ணைப் பிளேடின் அகலத்தாலும் காற்றின் வேகத்தாலும் அளவிட்ட எண்) என்று யாராவது ஒரு எண் சொன்னால், அந்த அகலம் முழு கார்டா அரை கார்டா என்று கேட்காமல் நான் குறித்துக்கொள்வதே இல்லை. இரண்டு மடங்கு வித்தியாசம்!

எவ்வளவு நம்பலாம்? டிசைன் புள்ளி அருகே தாராளமாக. ஸ்டாலை (காற்று பிளேடை விட்டுப் பிரியும் நிலையை) நெருங்கினால் டர்புலன்ஸ் மாடலை, அதாவது காற்றின் கொந்தளிப்பைக் கணக்கிடும் சூத்திரத்தை, மாற்றினாலே அடிப்புள்ளி இடம் மாறுகிறது. அங்கே இரண்டு டிசைன்களில் எது மேல் என்று சொல்வேன், எண்ணை எழுதிக் கொடுக்க மாட்டேன். பிளிஸ்க் வந்தால் இன்னும் உஷார். டிஸ்க்கோடு சேர்த்தே கடைந்தெடுத்த பிளேடு அது, வேரில் உராய்வே கிடையாது.