குரோவேஷியத் தீவுகளுக்குப் பாய்மரப் படகு எடுப்போர் கவனத்திற்கு: எங்கள் டெபாசிட் போன விதம்

சென்ற செப்டம்பரில் குரோவேஷியாவின் விஸ், லாஸ்டவோ தீவுகளைச் சுற்றி வருவதற்காக ஒரு பாய்மரப் படகை ஒரு வாரத்திற்கு வாடகைக்கு எடுத்தோம். பயணம் நன்றாகவே கழிந்தது. கரை திரும்பிய மறுநாள் காலையில்தான், நாங்கள் செய்யாத சேதத்திற்காக எங்கள் டெபாசிட்டிலிருந்து 1,450 யூரோவை நிறுவனத்தார் பிடித்துக்கொண்டார்கள். வழக்கு இன்னும் முடியாததால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. பெயரைவிட, அந்தப் பணம் எந்த இடத்தில், எந்த நேரத்தில் எங்கள் கையை விட்டுப் போனது என்பது தெரிந்தால்தான் அடுத்து போகிறவர்களுக்கு உதவும் என்று நினைத்து இதை எழுதுகிறேன்.

நாங்கள் ஜெர்மனியில் வசிக்கிறோம். என் மைத்துனர் கோயம்புத்தூரில் பம்ப்செட் பட்டறை வைத்திருக்கிறார். அவரும் அவர் மனைவியும் எங்களைப் பார்க்க வரவிருந்ததால், 2023 ஜனவரி 1 முதல் குரோவேஷியாவும் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குள் வந்துவிட்ட நிலையில், எல்லோருமாகக் கடலுக்குப் போகலாம் என்று முடிவு செய்தோம். ஹ்வார் போன்ற கூட்டம் மிகுந்த தீவுகளை விட்டு விஸ், லாஸ்டவோவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அவற்றின் அமைதி. 1980களின் இறுதி வரை யூகோஸ்லாவிய ராணுவத்தின் பிடியில் இருந்து, வெளிநாட்டவர் கால் வைக்க முடியாதிருந்த தீவுகள் அவை. அதனாலேயே பெரிய ஓட்டல்கள் அங்கே முளைக்கவில்லை. லாஸ்டவோவும் அதைச் சுற்றியுள்ள சிறு தீவுகளும் 2006 முதல் இயற்கைப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகின்றன.

இணையத்தில் ஓர் இடைத்தரகு நிறுவனத்தின் வழியாகப் பதிவு செய்தோம். மூன்று அறைகள் கொண்ட, ஏறத்தாழ 12 மீட்டர் நீளமுள்ள, 2019இல் கட்டப்பட்ட படகுக்கு வார வாடகை 2,400 யூரோ என்று காட்டியிருந்தார்கள். படகு ஓட்டும் உரிமமும் வானொலிக் கருவியை இயக்கும் சான்றிதழும் எங்களில் யாருக்கும் இல்லாததால், ஸ்கிப்பர் ஒருவரை நாளுக்கு 200 யூரோவுக்கு அமர்த்தினோம். அவருடைய சாப்பாடும் எங்கள் பொறுப்பு. படுக்கைத் துணி, சுத்தம் செய்தல், எரிவாயு ஆகியவற்றுக்கான கட்டாயத் தொகுப்பு என்று 320 யூரோவை மரீனா எனப்படும் படகுத்துறையில் ரொக்கமாகக் கேட்டார்கள். ரப்பர்ப் படகின் சிறு எஞ்சினுக்கு 90 யூரோ தனி. டீசலுக்கு 160, இரவுகளில் படகைக் கட்டுவதற்கு 290 என்று கூட்டிப் பார்த்தபோது, 2,400 என்று தொடங்கிய கணக்கு 4,660இல் வந்து நின்றது. இவற்றில் எதையும் ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். எல்லாம் சிறிய எழுத்தில் ஒப்பந்தத்தில் இருந்தவைதான், அந்தத் தொழிலில் வழக்கமானவையும்கூட.

டெபாசிட்டுக்கு இரண்டு வழிகள் தந்திருந்தார்கள். கிரெடிட் கார்டில் 2,000 யூரோவை முடக்கிவைக்கலாம். அல்லது திரும்பி வராத 350 யூரோவைச் செலுத்தினால் டெபாசிட் 400ஆகக் குறையும். திரும்பி வராத பணத்தை எதற்குக் கொடுப்பானேன் என்று முதல் வழியை நான்தான் தேர்ந்தெடுத்தேன். என் மனைவி அன்றே வேண்டாம் என்றாள். இந்த டெபாசிட்டுக்கு மட்டும் வெளியே தனியாகக் காப்பீடு எடுக்கலாம் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

ஸ்பிளிட் நகரத்தை அடுத்த காஷ்டெலா விரிகுடாவில் உள்ள ஒரு மரீனாவில் சனிக்கிழமை மாலை 5 மணிக்குப் படகு தருவதாக எழுதியிருந்தது. நாங்கள் போனபோது படகு தயாராக இல்லை என்றார்கள். பால், தயிர், உறைந்த மீன் என்று ஒரு வாரத்திற்கான சாமான்கள் வெயிலில் கிடக்க, குழந்தைகள் இருவரும் சிணுங்கத் தொடங்கியிருந்தார்கள். 6.45 மணிக்கு ஓர் இளைஞர் வந்து எங்களை அழைத்துக்கொண்டு போனார். அது 2013ஆம் ஆண்டுப் படகு. கேட்டதற்கு, 'சமமான வேறு படகு' தரலாம் என்ற விதியை ஒப்பந்தத்தில் விரல் வைத்துக் காட்டினார். செப்டம்பர் பிற்பகுதியில் அங்கே ஏறத்தாழ ஏழு மணிக்குச் சூரியன் மறைந்துவிடும். எனவே படகைச் சோதித்து ஏற்றுக்கொள்ளும் வேலை முழுவதும் கைபேசி வெளிச்சத்தில் நடந்தது.

அந்த ஒரு மணி நேரத்தைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். நான்கு பக்கப் பட்டியலை அந்த இளைஞர் வேகமாக வாசிக்க, நாங்கள் ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டினோம். உயிர்காப்பு உடைகள் எட்டு, கரண்டிகள் எட்டு, முட்கரண்டிகள் எட்டு, வாணலி ஒன்று, வெங்காயம் வெட்டும் பலகை ஒன்று. முட்கரண்டி ஏழுதான் இருந்தது. அவர் சிரித்துக்கொண்டே அதைத் திருத்தி எழுதினார், எங்களுக்கும் அவருடைய நேர்மையில் நம்பிக்கை வந்தது. நங்கூரச் சங்கிலியை மேலே இழுக்கும் வின்ட்லஸ் என்ற மின்பொறியை ஓட்டிக் காட்டச் சொல்ல எங்களுக்குத் தோன்றவில்லை, அவரும் காட்டவில்லை. பட்டியலின் கடைசிப் பக்கத்தில், படகின் நீருக்கடியில் உள்ள பகுதி சேதமின்றி இருப்பதை ஏற்கிறேன் என்ற ஒரு வரி இருந்தது. தண்ணீருக்குள் இருப்பதை நான் எப்படிப் பார்ப்பேன் என்று கேட்டேன். "எல்லோரும் கையெழுத்துப் போடுவதுதான்" என்றார். போட்டேன்.

மறுநாள் காலை ஸ்கிப்பர் வந்தார். அமைதியான மனிதர், நன்றாக ஓட்டினார். விஸ் நகரத்திற்கு ஏறத்தாழ 30 கடல் மைல். பிற்பகலில் வடமேற்கிலிருந்து எழும் மாயிஸ்ட்ரல் காற்றில் பாயை விரித்ததும் எஞ்சினை அணைத்துவிட்டார். நம் கடற்கரையில் வாடை, கொண்டல், கச்சான் என்று ஒவ்வொரு காற்றுக்கும் பெயர் இருப்பதுபோல அங்கும் உண்டு. வடகிழக்கு மலைகளிலிருந்து திடீரென இறங்குவது புரா; தென்கிழக்கிலிருந்து ஓரிரு நாளாக மெல்ல வலுத்துக் கடலைப் புரட்டுவது யூகோ. விஸ் துறைமுகத்தின் வாய் வடகிழக்கைப் பார்ப்பதால் புரா வீசினால் அங்கே தங்க முடியாது என்பது போன்ற செய்திகளை அவரிடம்தான் கேட்டறிந்தோம். கோமிஷாவில் ஓர் இரவு, பிஷெவோவின் நீலக் குகையில் ஒரு காலை என்று நாட்கள் போயின. செவ்வாய்க்கிழமை மாலை லாஸ்டவோவின் தென்கரையில் உள்ள ஸ்க்ரிவெனா லூகா என்ற விரிகுடாவில் நங்கூரம் போட்டோம். 'ஒளிந்திருக்கும் துறைமுகம்' என்று அந்தப் பெயருக்குப் பொருள்.

புதன்கிழமை விடியலில், யூகோ வரப்போவதாக வானிலை அறிவிப்பு வந்தது. அந்த விரிகுடாவின் வாய் தெற்கு நோக்கியது என்பதால் தீவின் வடபுறத்திற்குப் போய்விடலாம் என்று ஸ்கிப்பர் பொத்தானை அழுத்தினார். வின்ட்லஸ் அசையவில்லை. மரீனாவுக்குப் போன் செய்தால், முன்னறைக் கட்டிலுக்கு அடியில் உள்ள சுவிட்சைப் போடுங்கள் என்றார்கள். போட்டும் பயனில்லை. ஸ்பிளிட்டுக்கு வந்தால் மெக்கானிக் பார்ப்பார் என்று அடுத்த பதில் வந்தது. ஸ்பிளிட் ஒரு முழு நாள் தொலைவு. நானும் மைத்துனரும் படகின் முன்பகுதியான அணியத்தில் உட்கார்ந்து, 30 மீட்டருக்கும் மேலான சங்கிலியைக் கைமாற்றிக் கைமாற்றி இழுத்து மேலே கொண்டுவந்தோம். உள்ளங்கை முழுவதும் துருவும் சேறும். பிறகு அவர் சும்மா இருக்காமல், மோட்டாரின் மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தார். கம்பி வந்து சேரும் முனை பச்சையாகப் பூத்து, பாதி உதிர்ந்து கிடந்தது. "இது ஒரு வாரத்துப் பச்சை இல்லை, மாமா. குறைந்தது ரெண்டு வருசம் உப்புத் தண்ணி குடிச்சிருக்கு" என்று சொல்லி, தன் கைபேசியில் நான்கு படங்கள் எடுத்து வைத்தார். மோட்டார் சுற்றியே தலை நரைத்தவர் அவர்.

வெள்ளிக்கிழமை மாலை மரீனாவுக்குத் திரும்பினோம். டீசல் பங்கில் ஒன்றரை மணி நேர வரிசை. எல்லாப் படகுகளும் அதே மாலையில்தான் திரும்பியாக வேண்டும். ஏழு நாள் சம்பளமான 1,400 யூரோவை வாங்கிக்கொண்டு ஸ்கிப்பர் அன்றிரவே விடைபெற்றார். சனிக்கிழமை காலை 8 மணிக்கு ஒரு முக்குளிப்பவர் படகின் அடியில் இறங்கினார். பத்து நிமிடத்தில் மேலே வந்து, கீல் எனப்படும் அடித்தண்டின் கீழ் முனையில் கையகல வடு ஒன்று இருப்பதாகப் படம் காட்டினார். பாறையில் இடித்துவிட்டீர்கள், சரிசெய்ய 970 யூரோ என்றார் பொறுப்பாளர். வின்ட்லஸைத் தவறாகப் பயன்படுத்தியதற்கு இன்னொரு 480.

படகு எங்கும் இடிக்கவில்லை. இடித்திருந்தால் அதன் மீது ஏழு பேர் இருந்தோம், ஒருவருக்காவது அதிர்ச்சி தெரிந்திருக்கும். ஸ்கிப்பரைக் கேளுங்கள் என்று சொல்லி, நானே அவரை அழைத்தேன். அவர் போனை எடுக்கவில்லை. அவரை எங்களுக்குப் பரிந்துரைத்ததே அந்த நிறுவனம்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. படகை ஓட்டியவர் அவர், ஆனால் சேதத்திற்குப் பொறுப்பு டெபாசிட் கட்டியவர் என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருந்தது. ஸ்கிப்பர் அமர்த்திக்கொண்டால் கவலையில்லை என்று நினைப்பவர்கள் இந்த விதியை மட்டுமாவது தேடிப் படியுங்கள். ஸ்கிப்பருக்குத் தனியாகத் தொழிற்பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா என்று கேட்டு, அவர் கடைசிச் சோதனை முடியும் வரை உடன் இருக்க வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

விமானம் 11.40க்கு, டாக்சி வாசலில் காத்திருந்தது. சேத அறிக்கையில் கையெழுத்துப் போடாவிட்டால் முழு 2,000 யூரோவையும் எடுத்துக்கொண்டு பிறகு கணக்குப் பார்ப்போம் என்றார் பொறுப்பாளர். நான் பேனாவை எடுத்தபோது, "வெறும் கையெழுத்து மட்டும் போடாதீங்க, ஒத்துக்கலைன்னு எழுதிட்டுப் போடுங்க" என்றாள் மனைவி. இந்தத் தொகையை ஏற்கவில்லை, விமானத்திற்கு நேரமானதால் அறிக்கையைப் பெற்றுக்கொண்டதற்கு மட்டும் கையொப்பமிடுகிறேன் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். பொறுப்பாளரின் முகம் மாறியது. முக்குளிப்பவர் எடுத்த படத்தையும் அங்கேயே என் கைபேசிக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டேன். பதற்றத்தில் நாங்கள் உருப்படியாகச் செய்தவை இவை இரண்டுதான்.

வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். வடுவின் உட்குழிவில் பாசி படர்ந்திருந்தது. ஓரத்தில், படகுகளின் அடியில் ஒட்டி வளரும் கொட்டலசு மூன்று, மிளகு அளவில், தெளிவாகத் தெரிந்தன. ஆறு நாளைக்கு முன் பாறையில் உரசிய இரும்பில் இத்தனை குடித்தனம் எப்படி ஏறும்? எங்களுக்கு முன் வந்த எத்தனை பேர் இதே வடுவுக்குப் பணம் கட்டியிருப்பார்களோ என்ற சந்தேகம் அன்றிலிருந்து எனக்கு இருக்கிறது. அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை.

இடைத்தரகரிடம் முறையிட்டால், நாங்கள் பதிவு செய்து தருபவர்கள் மட்டுமே என்று பதில் வந்தது. கார்டு வங்கியும், சேதத்திற்கு டெபாசிட்டில் எடுக்கலாம் என்று நீங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள் என்று கைவிரித்தது. பலன் தந்தது ஐரோப்பிய நுகர்வோர் மையம். ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிப்பவர்களுக்கு, வேறு உறுப்பு நாட்டு வணிகரோடு ஏற்படும் தகராறில் இது கட்டணமின்றி உதவுகிறது. ஜெர்மனியில் இதன் அலுவலகம் கேல் நகரில் உள்ளது. பச்சை பூத்த கம்பியின் படங்கள், புதன்கிழமை காலை மரீனாவுக்குச் செய்த அழைப்பின் பதிவு, ஏற்கவில்லை என்று எழுதிய அறிக்கை ஆகியவற்றை அனுப்பினேன். குரோவேஷியாவில் உள்ள மையம் நிறுவனத்துக்கு எழுதிய சில வாரங்களில் வின்ட்லஸுக்கான 480 யூரோ திரும்பி வந்தது. கீலுக்கான 970ஐத் தர மறுத்துவிட்டார்கள். நீருக்கடியில் எல்லாம் சரியாக இருந்ததாக நான் போட்ட கையெழுத்தைத்தான் காரணம் காட்டினார்கள்.

அந்த ஒரு வரியை அடித்துவிட்டு, 'நீருக்கடியில் பார்க்கவில்லை' என்று பக்கத்தில் எழுதியிருந்தால் போதும். முடிந்தவர்கள் நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு இறங்கி, நீர்புகாத உறையில் கைபேசியை வைத்துக் கீலையும் சுக்கானையும் படம் எடுத்துவிடுங்கள். மரீனாவில் நீந்த விடவில்லை என்றால் முதல் நாள் முதல் விரிகுடாவில் இறங்கி எடுத்து, அன்றே நிறுவனத்துக்கு அனுப்பிவிடுங்கள். இருட்டிய பிறகு படகைக் காட்டினால், காலையில் பார்த்துத்தான் கையெழுத்து என்று சொல்லுங்கள். ஓர் இரவு மரீனாவிலேயே கட்டிய படகில் தூங்குவதில் எந்த நட்டமும் இல்லை; நாங்களும் அன்று அங்கேதான் தூங்கினோம். ஊர் திரும்பும் விமானத்தைச் சனிக்கிழமை மாலைக்கு மேல் வையுங்கள்.

எல்லை தாண்டிய சிறு தொகை வழக்குகளுக்காக, 5,000 யூரோ வரையிலான கோரிக்கைகளை வக்கீல் இல்லாமலே தொடுக்கும் ஐரோப்பிய நடைமுறை ஒன்று உண்டு. மார்ச் மாதம் எங்கள் ஊர் நீதிமன்றத்தில் அதற்கான படிவத்தை, கொட்டலசுப் படத்தோடு இணைத்துக் கொடுத்திருக்கிறேன். ஆவணங்கள் கையில் சேர்ந்த 30 நாளுக்குள் எதிர்த் தரப்பு பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் இன்னும் எனக்கு வரவில்லை. இணையத்தில் அந்த 2019ஆம் ஆண்டுப் படகின் படம் மட்டும் அதே 2,400 யூரோவுக்கு இன்றும் இருக்கிறது.