மாஸ்டா எம்எக்ஸ்-5 என்சி: பின்பக்க உறுமலைத் தேடிப் பிடித்த கதை

என்னிடம் இருப்பது மூன்றாம் தலைமுறை எம்எக்ஸ்-5. ரசிகர்கள் என்சி என்பார்கள். 2.0 லிட்டர் எஞ்சின், ஆறு கியர் மேனுவல், 12 விநாடியில் மடங்கி இருக்கைக்குப் பின்னால் மறையும் கெட்டிக் கூரை. முதல் சிஓஇ, அதாவது சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வாங்க வேண்டிய பத்தாண்டு உரிமைச் சான்றிதழ், முடிந்ததும் இன்னொரு பத்தாண்டுக்குப் புதுப்பித்து ஓட்டுகிறேன். புதுப்பித்தால் என்ன ஆகும் என்று சிங்கப்பூரில் கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். அண்மைய சிஓஇ விலைகளின் சராசரியான பிகியூபி தொகையைக் கட்ட வேண்டும், காரைப் பதிவிலிருந்து நீக்கினால் திரும்பக் கிடைத்திருக்கும் பார்ஃப் கழிவு கைவிட்டுப் போகும், சாலை வரியில் கூடுதல் கட்டணம் 10 விழுக்காட்டில் தொடங்கி ஆண்டுக்கு ஆண்டு ஏறி 50 விழுக்காட்டில் போய் நிற்கும், பரிசோதனைக்கும் ஆண்டுதோறும் போக வேண்டும். இத்தனைக்குப் பிறகும் இந்தக் காரை வைத்திருக்க ஒரே காரணம், ஓட்டும் சுகம். அதைக் கெடுக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தால் சும்மா விட முடியுமா?

எஞ்சினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எண்ணெயை நேரத்துக்கு மாற்றினால் அது பாட்டுக்கு ஓடுகிறது. நம் வெயிலுக்கு ஏர்கானும் தாங்குகிறது. கியர் விழும் விதம் இன்றைக்கும் என் கைக்குப் பிடித்த விஷயம். சிக்கல் வந்ததெல்லாம் பின்பக்கத்தில்தான்.

சத்தம் இரண்டு விதம். வேகம் 60ஐத் தாண்டியதும் 'ஊ...ம்' என்று ஓர் உறுமல் கிளம்பும். 80இல் அது கியர் குச்சி வழியாகக் கைக்கே வரும். இன்னொன்று, நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதும், ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றி நகரும்போதும் ஒரே ஒரு 'டக்'. புளோக்குக்குப் பக்கத்துப் பலமாடிக் கார்நிறுத்துமிடத்தில் அந்த 'டக்' சுவரில் பட்டு எதிரொலிக்கும்.

முதலில் காட்டிய பட்டறையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, டிஃபரன்ஷியல் (இழுவையை இரண்டு பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) போய்விட்டது, மொத்தமாக மாற்றிவிடலாம் என்றார்கள். ஆக்சிலரேட்டரை மிதித்தால் உறுமல் கூடுகிறது, காலை எடுத்தால் குறைகிறது, ஆகவே டிஃபரன்ஷியல் என்பது அவர்கள் கணக்கு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. தேய்ந்த டிஃபரன்ஷியலும் அப்படித்தான் நடந்துகொள்ளும். ஆனால் பல ஆயிரம் வெள்ளி வேலையை ஒரே ஓர் அறிகுறியை வைத்து முடிவுசெய்ய எனக்கு மனம் ஒப்பவில்லை.

அப்புறம்தான் காக்கி புக்கிட்டில் வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். ஜோகூர்க்காரர், தினமும் கடற்பாலம் தாண்டி வருகிறவர். காரைத் தூக்கவே இல்லை. "அண்ணே, இப்போதைக்கு எந்தச் சாமானும் வாங்காதீங்க. சத்தம் எது கூட வருதுன்னு மட்டும் பார்த்துட்டு வாங்க. எஞ்சின் சுத்துறது கூடவா, சக்கரம் சுத்துறது கூடவா, இழுவை கூடவா?" என்றார். பழைய கார் வைத்திருக்கும் யாரிடமும் நான் இப்போது திருப்பிச் சொல்வது இந்த மூன்று கேள்விகளைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் லிம் சூ காங் ரோட்டுக்குப் போனேன். ஆகாயப் படை முன்பு பயிற்சிகளின்போது ஓடுபாதையாகவே மாற்றியிருக்கிற சாலை அது. அந்த நேரத்தில் வண்டிகளும் குறைவு. சீரான வேகத்தில் நான்காம், ஐந்தாம், ஆறாம் கியர்களில் மாற்றி மாற்றி ஓட்டினேன். எஞ்சின் சுற்று மாறியது, உறுமலின் சுருதி மாறவில்லை. கிளட்சை அமுக்கி நியூட்ரலில் உருளவிட்டபோதும் அது கூடவே வந்தது. இதோடு எஞ்சின், கிளட்ச் இரண்டும் பட்டியலிலிருந்து போயின. கியர்பாக்ஸைப் பார்க்க நின்ற இடத்திலேயே இன்னொரு சோதனை உண்டு. நியூட்ரலில் எஞ்சின் ஓடும்போது கேட்கிற சத்தம் கிளட்சை அமுக்கியதும் நின்றால் கியர்பாக்ஸின் முன் தண்டு பேரிங்கைச் சந்தேகிக்கலாம். அமுக்கினால்தான் வருகிறது என்றால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். என் காரில் இரண்டுமே இல்லை.

மிச்சம் புரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்கு இழுவையைக் கொண்டுபோகும் நீண்ட தண்டு), டிஃபரன்ஷியல், பின் சக்கர பேரிங், டயர். சக்கரம் ஒரு சுற்று சுற்றும் நேரத்தில் ஷாஃப்ட் ஏறத்தாழ நாலு சுற்று சுற்றிவிடும். அதனால் ஷாஃப்ட் கோளாறு என்றால் நடுக்கம் வேகமாகவும் பொடிப்பொடியாகவும் இருக்கும். எனக்கு வந்தது அதைவிடத் தடித்த, மெதுவான சத்தம். டயரைப் பார்ப்பது இந்தக் காரில் சுலபம், நான்கும் ஒரே அளவு. முன்னதைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மாற்றிப் போட்டேன். உறுமல் இடம் மாறவில்லை.

முடிவை நெருங்கவைத்தது வளைவுதான். நீண்ட வளைவில் வலப்பக்கம் திரும்பும்போது உறுமல் தெளிவாகக் கூடியது, இடப்பக்கம் திரும்பும்போது அடங்கியது. வலப்பக்கம் திரும்பினால் பாரம் இடப்பக்கச் சக்கரங்களுக்குப் போகும். அப்படியானால் இடப்பக்கப் பின் பேரிங். ஆக்சிலரேட்டருக்கு ஏற்ப மாறியதும் அப்போது பிடிபட்டது. பின் சக்கர இழுவைக் காரில் மிதித்தால் பாரம் பின்னால் சாயும், விட்டால் முன்னால் போகும். அந்தப் பாரத்தைத் தாங்குவது பின் பேரிங்தானே.

அப்படியானால் சத்தம் கியர் குச்சியில் கேட்டது எப்படி? எம்எக்ஸ்-5இல் கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் ஒரு நீண்ட உலோகச் சட்டம் இணைக்கிறது. மிதிக்கும்போது கார் உடனே பதில் சொல்வதற்கு அந்தச் சட்டம் ஒரு முக்கியக் காரணம், எனக்கு இந்தக் காரில் மிகவும் பிடித்த வேலைப்பாடும் அதுதான். ஆனால் பின்னால் பிறக்கும் அதிர்வை அது அப்படியே முன்னுக்குக் கொண்டுவந்து கொடுத்துவிடும். காதை மட்டும் நம்பினால் கியர்பாக்ஸ் என்றுகூடச் சத்தியம் செய்யலாம்.

இதையெல்லாம் சொன்னதும் மெக்கானிக் கிளிப் மாட்டிய சின்ன மைக்குகளை எடுத்தார். பின் சக்கரங்களைத் தாங்கும் இருபக்கக் கைகளிலும், டிஃபரன்ஷியல் கூட்டிலும், கியர்பாக்ஸிலும் ஒவ்வொன்றாகக் கவ்வவைத்தோம். நான் ஓட்ட, அவர் பக்கத்தில் ஹெட்ஃபோனோடு ஒவ்வொரு மைக்காக மாற்றிக் கேட்டார். இடப்பக்கப் பின் சக்கரத்துக்கு வந்ததும் முகத்தைச் சுளித்துக் கையை உயர்த்தினார். பட்டறைக்குத் திரும்பிக் காரைத் தூக்கி, ஸ்பிரிங்கின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுழற்றச் சொன்னார். வலப்பக்கம் வழவழவென்று சுற்றியது. இடப்பக்கம் ஸ்பிரிங் வழியாக மணலை அரைக்கிற மாதிரி ஒரு நறநறப்பு கைக்குத் தெரிந்தது. கருவி எதுவும் இல்லாமல் எவரும் செய்யக்கூடிய சோதனை இது.

டிஃபரன்ஷியல் எண்ணெயையும் இறக்கி வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்த்தோம். இரும்புத் துகள், சில்லு எதுவும் இல்லை. அந்த டிஃபரன்ஷியல் இன்னமும் காரிலேயே இருக்கிறது.

'டக்' சத்தத்துக்கு ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, முதல் கியரில் கிளட்சை மெல்ல விட்டுப் பிடித்து, உடனே ரிவர்ஸிலும் அதையே செய்தேன். அவர் சக்கரத்துக்கு அருகே குனிந்து கேட்டார். அதே இடப்பக்கச் சக்கரம்தான். சக்கரத்தின் நடுப்பாகமான ஹப்பும் அதற்குள் நுழையும் அச்சும் உரசும் முகம் காய்ந்து துருவேறியிருந்தது. இழுவை திசை மாறும் ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் நழுவி 'டக்' என்றது. பேரிங் மாற்ற எப்படியும் அச்சைக் கழற்றத்தான் வேண்டும். துருவைத் துடைத்து, முகத்தில் கிரீஸ் தடவி, புது நட்டைப் போட்டு டார்க் ரெஞ்சில் சரியான அளவுக்கு இறுக்கினார். அந்த நட்டின் விளிம்பைத் தட்டி அச்சின் பள்ளத்துக்குள் மடக்கிப் பூட்டுவார்கள், ஆகவே பழையதையே திருப்பிப் போடக் கூடாது. புது நட்டுக்கு ஆகும் காசு மிகச் சொற்பம். கையோடு சக்கரக் கோணங்களையும் சரிபார்க்கச் சொன்னார், பின்பக்கக் கைகளைக் கழற்றி மாட்டியிருப்பதால் அது அவசியம்.

பேரிங் தேய்ந்ததை இந்தக் காரின் குறையாக நான் பார்க்கவில்லை. இத்தனை வயதில், நம் மழையில், எந்தக் காரிலும் தேயக்கூடிய பாகம். மொத்தச் செலவு டிஃபரன்ஷியல் மாற்றக் கேட்ட தொகையில் ஒரு சிறு பகுதிதான்.

இப்போது 80இல் காலாங்-பாய லேபார் விரைவுச்சாலைச் சுரங்கத்துக்குள் கூரையைத் திறந்து போனாலும் எஞ்சினும் டயரும்தான் கேட்கின்றன. 'டக்' திரும்பி வரவில்லை. வலப்பக்க பேரிங் நன்றாக இருப்பதால் அதைத் தொடவில்லை, ஆனால் ஒவ்வொரு சர்வீஸின்போதும் ஸ்பிரிங்கில் கை வைத்துச் சுழற்றிப் பார்க்கிறோம். வேகத்தடை ஏறும்போது கூரை ரப்பர் கொஞ்சம் முனகுகிறது. அதற்குச் சிலிக்கோன் கிரீஸ் வாங்கி வைத்திருக்கிறேன்.