விரல் நுனியில் ஐஎன்ஆர்: வீட்டு மீட்டரோடு சில வருடங்கள்

இதயத்தில் செயற்கை வால்வு வைத்துக்கொண்டவர்களுக்கு பிடி-ஐஎன்ஆர் ரத்தப் பரிசோதனை பற்றி விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம். சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் என் மைட்ரல் வால்வைக் கெடுத்துவிட்டது. கல்யாணமாகி வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அதை எடுத்துவிட்டு மெக்கானிக்கல் வால்வு வைத்தார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா திருநாள் நிறுவனம் உருவாக்கிய சித்ரா வால்வு. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள், இன்றும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ராத்திரி ஃபேன் நின்றால் அதன் டிக் டிக் எனக்குக் கேட்கும், பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் கேட்கும். வால்வுக்குள் திறந்து மூடும் தட்டின் மேல் ரத்தம் உறையக் கூடாது என்பதற்காக ஆயுள் முழுக்க அசிட்ரோம் மாத்திரை. மருந்து சரியான அளவில் வேலை செய்கிறதா என்று சொல்லும் எண்தான் ஐஎன்ஆர். மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு 1 பக்கத்தில் இருக்கும். எனக்கு 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். இறங்கினால் வால்வில் ரத்தக்கட்டி, பக்கவாதம். ஏறினால் ரத்தக்கசிவு.

"டெஸ்டே வேண்டாத புது மாத்திரை வந்திருக்காமே" என்று சொந்தத்தில் யாராவது கேட்காத விசேஷம் கிடையாது. வந்திருக்கிறது, எங்களுக்கு இல்லை. மெக்கானிக்கல் வால்வு உள்ளவர்களிடம் டாபிகாட்ரான் என்ற புது மாத்திரையை வைத்துச் செய்த ஆய்வைக் கட்டியும் கசிவும் அதிகமானதால் பாதியிலேயே நிறுத்தி, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். அபிக்ஸபான் என்ற இன்னொரு மாத்திரையின் ஆய்வையும் 2022-ல் பாதியில் நிறுத்தினார்கள். ஆக, பழைய மாத்திரை, பழைய டெஸ்ட்.

வீட்டிலேயே ஐஎன்ஆர் பார்க்கும் மீட்டரை நான் வாங்கியதற்குக் காரணம் விஞ்ஞானம் கிடையாது, என் கை நரம்பு. மடிப்பாக்கத்தில் எங்கள் தெரு முனை லேபில் ரத்தம் எடுக்கும் தம்பி நல்ல பிள்ளைதான். ஆனால் ரப்பரைக் கட்டித் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இந்தக் கையில கிடைக்கல, அந்தக் கையைக் காட்டுங்க" என்பான். நீல மூடிக் குழாயில் கோடு வரைக்கும் ரத்தம் நிரம்ப வேண்டும். குறைந்தால் உள்ளே இருக்கும் சிட்ரேட்டின் விகிதம் மாறி, ரிசல்ட் கூடுதலாகக் காட்டிவிடும். பாதிக் குழாயோடு நரம்பு மடங்கிக்கொண்டால் திரும்பவும் குத்த வேண்டும். மருந்தின் புண்ணியத்தில் ஒவ்வொரு குத்தும் நீலம் பாரித்து ஒரு வாரம் நிற்கும். பஸ்ஸில் யாராவது கையைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்ப்பார்கள்.

மீட்டர் விஷயத்துக்கு வருகிறேன். எந்த கம்பெனி என்று எழுதப் போவதில்லை. கடைக்காரர்களோடு பட்ட பாட்டையும் சேர்த்தே சொல்லப் போகிறேன் என்பதால். வெளியிலிருந்து பார்த்தால் சுகர் மீட்டரின் அண்ணன் மாதிரி இருக்கும். ஸ்ட்ரிப் டப்பாவோடு ஒரு சிப் வரும், அதை மெஷினில் செருக வேண்டும். டப்பாவில் உள்ள எண்ணும் திரையில் வரும் எண்ணும் ஒன்றா என்று பார்த்த பிறகு ஸ்ட்ரிப்பை உள்ளே தள்ள வேண்டும். மெஷின் சூடேறி, துளி அடையாளம் காட்டும். அதிலிருந்து மூன்று நிமிடம் அவகாசம். ரத்தம் வைத்தால் ஒரு நிமிடத்தில் எண் வந்துவிடும்.

சொல்லும்போது சுலபம். துளிதான் சிக்கல். சுகருக்குப் பொட்டு ரத்தம் போதும், இதற்கு 8 மைக்ரோலிட்டர் வேண்டும். அதாவது விரலில் தொங்குகிற ஒரு முழுத் துளி. குத்தியதிலிருந்து 15 விநாடிக்குள் வைத்துவிட வேண்டும், ஏனென்றால் விரல் நுனியிலேயே உறைதல் ஆரம்பித்துவிடுகிறது, நாம் அளக்க வந்ததே அதைத்தான். துளி போதவில்லை என்று இன்னொரு துளியை மேலே சேர்க்கக் கூடாது. விரலைப் பிசைந்து பிழியவும் கூடாது; பிழிந்தால் திசுவில் உள்ள நீர் கலந்து எண் தப்பாகும். என் வழக்கம்: வெந்நீரில் கையைக் கழுவி, நன்றாகத் துடைத்து, கையைக் கீழே தொங்கவிட்டுக் கொஞ்சம் நடப்பேன். மோதிர விரலின் பக்கவாட்டில் குத்துவேன், நடுவில் குத்தினால் மறுநாள் வெங்காயம் நறுக்கும்போது தெரியும். ஸ்பிரிட் தடவுவதில்லை, அதன் ஈரம் ரத்தத்தில் கலந்தாலும் கெடுதல். ஆரம்பத்தில் நிறைய ஸ்ட்ரிப் வீணானது. எல்லாருக்கும் ஆகும், பட்ஜெட்டில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சென்னை வெயில். இதை எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார். என் மெஷின் 32 டிகிரிக்கு மேல் போனால் வேலை செய்யாது, தெர்மாமீட்டர் படத்தைக் காட்டிவிட்டு உட்கார்ந்திருக்கும். கத்திரி வெயிலில் மத்தியான நேரத்தில் எங்கள் மாடி வீட்டு ஹாலில் அதை எடுப்பதே வீண். விடியற்காலையில் பார்ப்பேன், இல்லை என்றால் ஏசி அறையில் அதைக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுப் பார்ப்பேன். ஸ்ட்ரிப்புக்கு 30 டிகிரிதான் உச்சவரம்பு, அதனால் மார்ச்சிலிருந்து ஃபிரிட்ஜ் கதவில் முட்டைக்குப் பக்கத்தில் இருக்கும். ஒரு மே மாதம் ஆர்டர் செய்த டப்பா, டெலிவரி பைக்கின் கறுப்புப் பையில் பகல் முழுக்க ஊர் சுற்றிவிட்டுச் சாயங்காலம் வந்தது. தொட்டால் சுட்டது. விற்றவரிடம் கேட்டால், "மேடம், சீல் உடையலையே" என்றார். இன்னொரு தடவை காலாவதிக்கு இரண்டே மாதம் இருந்த பெரிய டப்பாவைத் தலையில் கட்டினார். இப்போது தேதியை வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, காலை டெலிவரி என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் பணம் கட்டுகிறேன்.

பணம் என்றதும் நேராகச் சொல்லிவிடுகிறேன்: மிச்சம் கிடையாது. எங்கள் லேபில் ஒரு டெஸ்டுக்கு வாங்குவதைவிட ஒரு ஸ்ட்ரிப்பின் விலை கூடுதல், மெஷின் விலை தனி. என் இன்ஷூரன்ஸில் இதெல்லாம் வராது. அமெரிக்காவில் மெடிகேர் திட்டம் மெக்கானிக்கல் வால்வுக்காரர்களின் வீட்டு டெஸ்டுக்கு 2002-லிருந்து பணம் தருகிறது. நான் கைக்காசு போட்டு வாங்குகிறேன்.

சரி, வாங்கியதால் என்ன ஆயிற்று? முதல் சில மாதம் தொல்லைதான். இன்று 2.6, மூன்று நாள் கழித்து 3.1, அடுத்து 2.7. ஒவ்வொன்றுக்கும் மனசு துள்ளும். எங்கள் டாக்டரம்மா மீட்டரின் படத்தைப் பார்த்ததும் முதலில் சொன்னது: "வாரத்துக்கு ஒரு தடவை போதும்மா. எல்லைக்குள்ள இருந்தா எனக்கு மெசேஜும் வேண்டாம், நீங்களும் மாத்திரையில கை வைக்க வேண்டாம்." அதற்கு அர்த்தம் போகப் போகத்தான் புரிந்தது. அசிட்ரோம் அளவை இன்று மாற்றினால் அது எண்ணில் முழுசாகத் தெரிய இரண்டு மூன்று நாளாவது ஆகும். மாத்திரை ஏற்கெனவே உடம்பில் இருக்கும் உறைகாரணிகளைத் தொடுவதில்லை. ஈரல் புதிதாகச் செய்பவற்றைத்தான் குறைக்கிறது, பழையவை தீர வேண்டும். எண்ணைத் துரத்திக்கொண்டு தினமும் அரை மாத்திரை கூட்டிக் குறைத்தால் ஊஞ்சல்தான். எனக்கு மாத்திரை ஒரு நாள் 2 மில்லிகிராம், மறுநாள் 3 என்ற கணக்கு. மீட்டர் வந்த பிறகு இந்தக் கணக்கு மாறியது லேப் காலத்தைவிடக் குறைவு. அப்போது மாதம் ஒரு எண்தான் கிடைக்கும், அது கொஞ்சம் தள்ளி இருந்தால் உடனே டோஸ் மாறும். இப்போது டாக்டரம்மா முன்னால் ஒரு வரிசையே இருக்கிறது. வரிசை என்றால் வீட்டுக்காரரின் ஏற்பாடு. மாதக் காலண்டரில் தேதிக் கட்டத்துக்குள் எண், கீழே டோஸ், மூலையில் குறிப்பு: "சளி மாத்திரை", "வயிற்றுப்போக்கு", "ஊர்", "விரதம்".

அந்த மூலைக் குறிப்புகளில்தான் விஷயமே இருக்கிறது. புரட்டாசியில் ஒரு வேளைச் சாப்பாடு என்று இருந்த வாரங்களில் எண் மெல்ல ஏறியிருக்கிறது; சாப்பாடு குறைந்தால் ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே குறையும், மருந்து ஓங்கும். வயிற்றுப்போக்கு வந்த வாரமும் அப்படியே. அந்த வைட்டமின் நிறைந்த கீரை விஷயம் பெரிய கதை. "கீரையே தொடக் கூடாதாமேடி" என்று அம்மா போனில் கேட்காத மாதம் இல்லை. எங்கள் வீட்டில் வாரம் இரண்டு நாள் கீரை, வருடம் பூராவும். எண் அசைவதில்லை. அசைந்தது, அம்மா வீட்டுக்குப் போய்த் தினமும் முருங்கைக்கீரைப் பொரியலும் அடையும் சாப்பிட்டபோதுதான். அப்போது 2.1-க்கு இறங்கியது. கீரையை விட வேண்டாம், சாப்பிடும் அளவை மாற்ற வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்வது காலண்டரிலேயே இருக்கிறது.

மீட்டர் தன் விலையைக் கொடுத்த சந்தர்ப்பம் ஒரு பல்வலி. பல் டாக்டர் எழுதிய மாத்திரைகளில் மெட்ரோனிடஸோல் இருந்தது. அசிட்ரோமோ அதே வகை வார்ஃபரினோ, எதைச் சாப்பிட்டாலும் ஐஎன்ஆரை ஏற்றிவிடும் மருந்து அது. டாக்டரம்மாவிடம் கேட்டதற்கு, பல்லில் சீழ் இருப்பதால் சாப்பிடத்தான் வேண்டும், ஒன்றுவிட்டு ஒரு நாள் ஐஎன்ஆர் பாருங்கள் என்றார். 3.0, பிறகு 3.7, அடுத்து 4.8. அன்றே லேபில் ஒப்பிடச் சொன்னார், அங்கே 4.4. அசிட்ரோமை ஒரு வேளை நிறுத்தி, அளவைக் குறைத்து, பல் மாத்திரை முடிந்ததும் பழையபடி வந்துவிட்டது. மாதம் ஒரு தடவை லேப் என்ற பழைய வழக்கத்தில் இருந்திருந்தால் பல் துலக்கும்போது வாய் முழுக்க ரத்தம் வந்துதான் தெரிந்திருக்கும்.

இன்னொன்று 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். மடிப்பாக்கம், வேளச்சேரி, பள்ளிக்கரணை எல்லாம் தண்ணீர். லேபுக்குள் முழங்கால் அளவு நின்றது. கரண்ட் இல்லை, செல்போன் டவரும் இல்லை. ஃபிரிட்ஜ் நின்றதும் எனக்கு ஸ்ட்ரிப் கவலை. நல்லவேளை, மழை நாளில் வீட்டுக்குள் 30-ஐத் தொடவே இல்லை. டப்பாவைத் துடைத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். மெஷின் சின்ன பேட்டரியில் ஓடுவது. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன், 2.8. பாலுக்கு அலைந்த அந்த வாரத்தில் இந்த ஒன்றைப் பற்றி யோசிக்காமல் இருந்தோம்.

லேபுக்கும் மீட்டருக்கும் எண் அச்சாக ஒத்துப்போகாது. 2-லிருந்து 4.5 வரையான எண்களில் 30 சதவீதம் முன்பின் இருப்பதை ஐஎஸ்ஓ தரநிலையே ஏற்கிறது. லேபில் 3 என்றால் மீட்டரில் 2.6 வந்தாலும் கோளாறு இல்லை. மேலே போகப் போக வித்தியாசம் கூடும். அதனால் 4.5-ஐத் தாண்டினால் லேபில் உறுதி செய்யாமல் எதுவும் செய்வதில்லை. 2018-ல் ரோஷ் நிறுவனத்தின் கோகுசெக் ஸ்ட்ரிப்புகளில் 4.5-க்கு மேல் எண் தப்பாகக் கூடுதலாகக் காட்டி, அமெரிக்காவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட டப்பாக்களைத் திரும்பப் பெற்றார்கள். உலகம் முழுக்க ஓடும் மீட்டருக்கே இந்தக் கதை. எனவே சில மாதத்துக்கு ஒரு தடவை ஒரே காலையில் இரண்டிலும் பார்த்துக் காலண்டரில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிடுகிறோம்.

பெண்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு, யாரும் வாய் திறப்பதில்லை. இந்த மாத்திரையில் மாதவிலக்கு பலருக்குக் கொட்டிவிடும். எனக்கும் அப்படித்தான், ஹீமோகுளோபின் இறங்கிவிட்டது. ரத்தத்தில் சிவப்பணுப் பங்கு, அதாவது ஹீமாட்டோகிரிட், 25 சதவீதத்துக்குக் கீழே போனால் என் மாதிரி மீட்டரின் எண்ணை நம்ப முடியாது. சோகை இருப்பவர்கள் அதைச் சரி பார்த்துவிட்டு மீட்டர் வாங்கலாம். ஆன்டிபாஸ்ஃபோலிப்பிட் பிரச்சினை (உடம்பின் எதிர்ப்பொருள்களாலேயே ரத்தம் உறையும் நோய்) உள்ளவர்களுக்கும் விரல் மீட்டர் தப்பாகக் கூடுதல் காட்டலாம், அவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: 2012-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வில், வீட்டில் பார்த்துக்கொண்டவர்களுக்கு ரத்தக்கட்டிச் சிக்கல் ஏறக்குறைய பாதி, பெரிய ரத்தக்கசிவும் இறப்பும் குறையவில்லை. அதற்கு முன் 2010-ல் அமெரிக்காவில் வந்த பெரிய ஆய்வில் வாராந்திர வீட்டு டெஸ்டுக்கும் ஒழுங்காக நடக்கும் மாதாந்திர கிளினிக் டெஸ்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பக்கத்திலேயே நல்ல லேப், நல்ல நரம்பு, நிலையான எண் உள்ளவர்களுக்கு நான் மீட்டரைச் சிபாரிசு செய்ய மாட்டேன். ஊர் ஊராகப் போகிறவர்கள், நரம்பு கிடைக்காதவர்கள், எண் ஏறி இறங்குகிறவர்களுக்குச் செய்வேன். அதுவும் மெசேஜுக்குப் பதில் சொல்லும் டாக்டர் இருந்தால் மட்டும்.

எங்கள் வளாகத்தில் வார்ஃபரின் சாப்பிடும் ஒரு பெரியவர், ஆளுக்குப் பாதியாக ஒரே 24 ஸ்ட்ரிப் டப்பாவை வாங்கிப் பங்கு போடலாமா என்று கேட்டார். முடியாது. ஒரு டப்பாவுக்கு ஒரு சிப்தான், அது ஒரு மெஷினில்தான் இருக்கும். ஸ்ட்ரிப்பை வேறு டப்பாவுக்கு மாற்றினால் ஈரம் பட்டுக் கெடும். எடுத்து வெளியே வைத்தால் பத்து நிமிடம்தான் தாங்கும். ஆறு ஸ்ட்ரிப் டப்பா கேட்டால் வரவழைத்துத் தருகிறார்கள், ஒரு ஸ்ட்ரிப்புக்கு விலை கொஞ்சம் கூடும். அவர் அதைத்தான் வாங்கியிருக்கிறார்.