கேசியோ எஃப்எக்ஸ்-991இஎஸ் பிளஸ்: அடைப்புக்குறிக்குள் என்ன இருக்கிறது?

மேட்ரிக்ஸ், இன்டக்ரேஷன் எல்லாம் இந்த சயின்டிஃபிக் கால்குலேட்டரில் எப்படி என்று ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் பார்த்தது ஒரே ஒரு வேலையை, பெரிய எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரிப்பது. எண்ணைப் போட்டு சமக்குறியை அழுத்தி, ஷிஃப்ட், அப்புறம் பாகை-நிமிடம்-வினாடி பட்டன் (அதற்கு மேலே ஃபேக்ட் என்று பொடி எழுத்தில் இருக்கும்), அவ்வளவுதான்.

எந்தக் கால்குலேட்டர் கைக்கு வந்தாலும் நான் முதலில் போட்டுப் பார்ப்பது 4294967297. 2-இன் 32ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் வருவது. அடுக்கு 1, 2, 4, 8, 16 என்று போனால் வருகிற 3, 5, 17, 257, 65537 எல்லாமே பகா எண்கள் என்பதால் இதுவும் அப்படித்தான் என்று கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். 641 இதை மீதியில்லாமல் வகுக்கிறது என்று 1732இல் இன்னொரு கணிதவியலாளர் ஆய்லர் காட்டிவிட்டார். இதில் இருப்பது சரியாக 10 இலக்கம், இந்த மெஷினின் எல்லையும் அதுதான். திரையில் 641×(6700417) என்று வருகிறது.

அந்த அடைப்புக்குறிதான் விஷயமே. இந்த மாடல் மூன்று இலக்கம் வரையிலான பகாக் காரணிகளை மட்டுமே பிரித்தெடுக்கும், பிறகு மிஞ்சுகிற பெரிய எண்ணை அப்படியே அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டுக் கையைக் கழுவிவிடும். 4104676 கொடுத்தால் 2²×(1026169) என்று காட்டுகிறது, ஆனால் 1026169 என்பது 1013-இன் வர்க்கம்! பகா எண்ணுக்கும் பகு எண்ணுக்கும் ஒரே அடைப்புக்குறி என்றால் பார்க்கிறவர் எதை நம்புவது?

சரி, 6700417 என்ன ரகம்? இதன் வர்க்கமூலம் 2588 சொச்சம், பகு எண் என்றால் அதற்குள் ஒரு பகாக் காரணி இருந்தாக வேண்டும்; 1000த்திலிருந்து அதுவரை இருநூறுக்கும் மேல் பகா எண்கள் உண்டு, அத்தனையாலும் யார் வகுத்துக்கொண்டிருப்பது? நல்லவேளை, 4294967297-இன் எந்தப் பகாக் காரணியும் 128-இன் மடங்கோடு 1 கூட்டிய எண்ணாகத்தான் இருக்க வேண்டும், 19ஆம் நூற்றாண்டில் கணிதவியலாளர் லூகா கண்டது இது (641கூட 128×5+1தான்). 6700417-ஐ வகுக்கிற எண் 4294967297-ஐயும் வகுக்குமே, அதனால் இங்கேயும் அதே நிபந்தனை. மூன்று இலக்கம் வரை மெஷினே பார்த்தாயிற்று, அதற்கு மேல் 2588 வரை இந்த நிபந்தனைக்குப் பொருந்துகிற பகா எண்கள் 1153, 1409 இரண்டே இரண்டு. முதலாவதால் வகுத்தால் மீதி 334, அடுத்ததால் 622. ஆக, 6700417 பகா எண்தான். இரண்டே வகுத்தலில் முடிந்துவிடுகிற இந்தக் கணக்குக்காகவே எனக்கு இந்த எண்ணை இவ்வளவு பிடிக்கும்.

அடுக்கை 64 ஆக்கினால் 20 இலக்கம், திரை 1.844674407×10¹⁹ என்று சுருக்கிவிடும், காரணி கேட்க வழியில்லை. 274177 அதை வகுக்கும் என்பதைக் கணினியில்தான் பார்க்க வேண்டும். பாரி/ஜிபி என்ற கணித மென்பொருள் இலவசம், கண்ணிமைக்கும் நேரத்தில் சொல்லிவிடும்.

10 இலக்கத்துக்குள் விளையாடுகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். ஐந்துக்கு நான்கு. மிஞ்சியது பகாவா, பகுவா என்று ஒரு சின்னக் குறி காட்டியிருந்தால் ஐந்தும் கொடுத்திருப்பேன்.