பழைய வண்ணாரப்பேட்டைக் கணினிப் பழுதுநீக்கக் கடை: டிஸ்ப்ளே வராத எங்கள் முதல் கணினியும் திருப்பிக் கொடுத்த ராம் நினைவகமும்

வடசென்னையில் எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளின் நெரிசலைக் கடந்து உட்புறச் சந்து ஒன்றில் திரும்பினால், இரண்டு மேசைகளும் ஒரு கண்ணாடி அலமாரியும் மட்டுமே கொண்ட சிறிய கணினிப் பழுதுநீக்கக் கடை ஒன்று இருக்கிறது. ஒருவரே வேலை செய்யும் இடத்தில் கூட்டம் சேர்ந்தால் சொன்ன நாளில் வேலையை முடிக்க இயலாது என்பதால், கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று அதை நடத்துபவர் கேட்டுக்கொண்டார். அவர் விருப்பப்படியே பெயரைத் தவிர்க்கிறேன்; ஆனால் அவர் செய்த வேலையைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றுகிறது.

என் மகள் இவ்வாண்டு பொறியியல் கல்லூரியில் சேர்ந்தாள். கடைக்காரர் பூட்டித் தரும் கணினியை வாங்காமல், உதிரிபாகங்களை வாங்கி வீட்டில் நாமே பூட்டலாம் என்பது அவள் ஆசை. எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டையும், கணினியின் மூளையான பிராசசரையும் இணையத்தில் வாங்கினோம். மற்றவற்றை வாங்க, தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி கணினிப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு நடந்து சென்றோம். தற்காலிக நினைவகமான ராம், பாகங்களுக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்., கோப்புகளைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி., எல்லாவற்றையும் அடக்கும் கேபினட் எல்லாம் ஒரே பிற்பகலில் கைக்கு வந்துவிட்டன. மதர்போர்டு பி660 வகை. பிராசசர் இன்டெல் ஐ5 14400எஃப். ராம் 16 ஜிபி, டிடிஆர்5 என்ற புதிய தலைமுறை.

முதல் தடை ராமிலேயே வந்தது. அது ஸ்லாட்டில் இறங்கவில்லை. நான் இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்க்கச் சொன்னேன். மகள்தான் கையை எடுத்துவிட்டு, நடுவிலுள்ள வெட்டு ஸ்லாட்டின் மேட்டோடு சேரவில்லை என்று காட்டினாள். முந்தைய தலைமுறையான டிடிஆர்4, நாங்கள் வாங்கிய டிடிஆர்5 இரண்டுக்கும் 288 தொடுமுனைகள்தாம், நீளமும் ஒன்றுதான். தவறாகச் செருகிவிடக் கூடாது என்பதற்காகவே வெட்டின் இடத்தை மாற்றி வைத்திருக்கிறார்கள். டிடிஆர்4 1.2 வோல்ட்டில் இயங்குவது, டிடிஆர்5 1.1 வோல்ட்டில் இயங்குவதோடு மின்சாரத்தைச் சீராக்கும் சிப்பையும் தன்மேலேயே சுமப்பது. ஒரே பெயரில் வரும் மதர்போர்டு இரண்டு வகை ராமுக்கும் தனித்தனியாகச் செய்யப்படுகிறது என்பதும், எங்கள் பெட்டியில் பெயரின் கடைசியில் இருந்த ‘டி4’ என்ற இரண்டு எழுத்துகள் அது டிடிஆர்4 ராமுக்கானது என்பதைத்தான் சொல்கின்றன என்பதும் அன்றுதான் தெரிந்தன.

பக்கத்து வீட்டுத் தம்பியின் பழைய கணினியிலிருந்து டிடிஆர்4 ராம் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டோம். மின்விசிறிகள் சுழன்றன, விளக்குகள் எரிந்தன, திரை மட்டும் இருண்டே இருந்தது. ரிச்சி தெருவில் நாங்கள் பொருள் வாங்கிய கடையில் சொன்னபோது, பார்க்காமலேயே “போர்டு போயிருச்சு, வேற வாங்கிக்கங்க” என்றார்கள். ராமைத் திரும்பக் கொடுக்கிறேன் என்றதற்கு, பில்லின் அடியில் அச்சிட்டிருந்த ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்ற வரியை விரலால் தொட்டுக் காட்டினார்கள்.

இந்த நிலையில்தான் வண்ணாரப்பேட்டைக் கடைக்குப் போனோம். கடைக்காரர் முதலில் எதையும் கழற்றவில்லை. எங்கே எதை வாங்கினோம், எந்த வரிசையில் பூட்டினோம், வீட்டில் எதைக் கழற்றி மாட்டினோம் என்று கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொண்டார். பிறகு மதர்போர்டைக் கேபினட்டிலிருந்து எடுத்து அதன் அட்டைப் பெட்டிமேலேயே வைத்து, பிராசசர், ஒரே ஒரு ராம், எஸ்.எம்.பி.எஸ். ஆகியவற்றை மட்டும் இணைத்து, ஸ்குரூடிரைவர் முனையால் பவர் ஊசிகளைத் தொட்டு இயக்கினார். போர்டின் ஓரத்தில் நான்கு சிறு விளக்குகள் உண்டு. பிராசசர், ராம், திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ், இயங்குதளத்தைத் தொடங்கும் பூட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. எங்கே தடை ஏற்படுகிறதோ அந்த விளக்கு எரிந்து நின்றுவிடும். பிராசசர் விளக்கு எரிந்தது. வீட்டில் அது மூன்று நாள் எங்கள் கண்முன் எரிந்துகொண்டுதான் இருந்தது. மின்விசிறி சுழல்கிறது என்பதையே பெரிதாக எண்ணியிருந்தோம். பிராசசர் விழித்ததா இல்லையா என்பதோடு சம்பந்தமில்லாமல், மின்சாரம் வந்தாலே விசிறி சுழலும் என்று அவர் விளக்கினார்.

“இது செத்துப்போன போர்டு இல்லக்கா. இந்தப் பிராசசர் யாருன்னு அதுக்குத் தெரியல, அவ்ளோதான்” என்றார். பி660 போர்டுகள் 2022 தொடக்கத்தில், இன்டெலின் 12ஆம் தலைமுறைப் பிராசசர்களுக்காக வந்தவை. எங்கள் பிராசசரோ 2024இல் வந்த 14ஆம் தலைமுறை. பிராசசர் உட்காரும் சாக்கெட் இரண்டுக்கும் ஒன்றே, எல்ஜிஏ 1700. ஆனால் கிடங்கில் வெகுநாள் இருந்த போர்டில், கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருளான பயாஸின் பழைய பதிப்பு இருந்தால், பின்னால் வந்த பிராசசரை அது அறியாது. போர்டு நிறுவனத்தின் இணையதளத்தில் எந்தப் பிராசசருக்குக் குறைந்தது எந்தப் பயாஸ் பதிப்பு வேண்டும் என்ற பட்டியல் இருக்கிறது. வாங்கும் முன் அதை நாங்கள் பார்த்திருக்க வேண்டும். சில போர்டுகளில் பிராசசர் இல்லாமலேயே பென் டிரைவிலிருந்து பயாஸைப் புதுப்பிக்கும் பொத்தான் உண்டு, எங்களுடையதில் இல்லை. இந்த வேலைக்கென்றே தாம் வைத்திருக்கும் 12ஆம் தலைமுறை ஐ3 ஒன்றைப் பொருத்தி, யுபிஎஸ் இணைப்பில் வைத்துப் புதுப்பித்தார். நடுவில் மின்சாரம் போனால் போர்டு மெய்யாகவே போய்விடும் என்பதால், யுபிஎஸ் பேட்டரி எத்தனை நிமிடம் தாங்கும் என்பதை முன்னதாகவே சோதித்துவிட்டுத்தான் தொடங்கினார். அந்தக் கவனம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

எங்கள் பிராசசரைத் திரும்பப் பொருத்தியதும் பிராசசர் விளக்கு அணைந்தது. ராம் விளக்கும் அணைந்தது. கிராபிக்ஸ் விளக்கு எரிந்து நின்றது. ‘எஃப்’ என்ற எழுத்துள்ள பிராசசருக்கு உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. போர்டின் பின்புறமுள்ள எச்டிஎம்ஐ துளையில் கம்பியைச் செருகினாலும் படம் வராது. கிராபிக்ஸ் கார்டைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நாங்கள் தள்ளிப்போட்டிருந்தோம். அவர் தம் சோதனைக் கார்டைப் போட்டார். திரையில் எழுத்துகள் தோன்றின. என் மகள் கண்ணீரோடு சிரித்ததை நான் மறக்கமாட்டேன்.

இனித் திருப்பிக் கொடுத்த கதை. மற்றவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பழுதான பொருள் வேறு, பொருந்தாத பொருள் வேறு என்பதை எங்களுக்குத் தெளிவாக்கியவர் இவர்தாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளை பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், காலம் குறிப்பிடப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம். ஆனால் எங்கள் ராமில் குறையேதும் இல்லை. பிழையாகத் தேர்ந்தெடுத்தவர்கள் நாங்கள். ஆகவே சட்டத்தைக் காட்டி வாதிடாமல், பொருள் நன்றாக இருக்கிறது என்பதை மெய்ப்பித்து மாற்றித் தரும்படி கேட்பதே சரி என்றார். தம்மிடமுள்ள டிடிஆர்5 போர்டில் ராமை ஒரு மணி நேரத்துக்கும் மேலாகச் சோதித்து, பிழையின்றி இயங்குகிறது என்று வரிசை எண்ணோடு தம் பில் தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். ரிச்சி தெருக் கடைக்காரர் அதைப் படித்துவிட்டு, உறை கிழிந்ததற்காக 400 ரூபாய் கழித்துக்கொண்டு அதே அளவு டிடிஆர்4 ராம் கொடுத்தார். முன்பு முகத்தில் அடித்தாற்போல் பேசியவர் அந்தத் தாளுக்குப் பிறகு நிதானமாகப் பேசினார் என்பதையும் சொல்ல வேண்டும்.

உள்ளே கிராபிக்ஸ் இல்லாத பிராசசரைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. இணையத்தில் வாங்கிய அதற்கு, பழுதென்றால் மட்டுமே மாற்றம் உண்டு. ‘பழுது’ என்று குறித்து அனுப்பிவிடுங்கள் என்று உறவினர் ஒருவர் யோசனை சொன்னார். வண்ணாரப்பேட்டைக் கடைக்காரரிடம் கேட்டேன். “நல்ல பொருளைக் கெட்டதுன்னு எழுதாதீங்கக்கா. அதை வேற ஒருத்தர் தலையிலதான் கட்டுவாங்க” என்றார். அதன்பின் அந்த எண்ணத்தை விட்டுவிட்டோம். புதிய விலையுயர்ந்த கார்டை எங்களிடம் விற்க அவருக்கு அது நல்ல வாய்ப்பு. ஆனால் மகளுக்கு இப்போது தேவை நிரல் எழுதுவதும் பாடக் காணொளி பார்ப்பதும்தான் என்று கேட்டறிந்து, பழைய ஜிடி 710 கார்டு ஒன்றை 1,500 ரூபாய்க்குத் தந்து, ஒரு மாதத்துக்குத் தாமே பொறுப்பு என்றார். சோதனைக்கும் பயாஸ் வேலைக்கும் சேர்த்து அவர் வாங்கிய கூலி 600 ரூபாய்.

குறைகளும் உண்டு. வியாழக்கிழமை தருவதாகச் சொன்னது சனிக்கிழமை மாலைதான் கிடைத்தது. இடையில் நான்கு முறை அழைத்தும் தொலைபேசியை எடுக்கவில்லை. பொருளை ஒப்படைத்தபோது ரசீது தரவில்லை. நான் கேட்ட பிறகே வரிசை எண்களை எழுதிக் கொடுத்தார். விலையுயர்ந்த பாகங்களை விட்டுச் செல்பவர்களுக்கு இது கேட்காமலேயே கிடைக்க வேண்டும். உட்கார இடமில்லை, புழுக்கம் தாளவில்லை. முதியவர்களோடு போகிறவர்கள் வெயில் தணிந்து போவது நல்லது. புதிய பாகங்கள் வாங்க இது ஏற்ற இடமன்று. அலமாரியில் இருப்பவை பெரும்பாலும் பழையவை. பூட்டியது இயங்காமல் நிற்கும்போது, எது கெட்டது எது பொருந்தாதது என்று பிரித்துச் சொல்ல, நான் அறிந்தவரை வடசென்னையில் இவரைத்தான் நம்புவேன்.

போகிறவர்கள் எல்லாப் பில்களையும், பெட்டிகளையும், மதர்போர்டு சாக்கெட்டை மூடியிருந்த கருப்பு பிளாஸ்டிக் மூடியையும் தவறாமல் எடுத்துச் செல்லுங்கள். சாக்கெட்டின் ஊசிகள் வளையாமல் காப்பது அந்த மூடிதான். அது இல்லாமல் போர்டைத் திரும்ப வாங்க விற்பவர்கள் தயங்குவார்கள். என் மகள் அதைப் பென்சில் டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தாள். கடைக்காரர் முதல் நாள் கேட்ட முதல் பொருளும் அதுதான்.