எச்சரிக்கும் கணினியா, தடுக்கும் கணினியா?

இதய வால்வு மாற்றிக்கொண்ட என் பெரியம்மாவின் மருந்துப் பையில் எப்போதும் மூன்று மருத்துவர்களின் சீட்டுகள் இருக்கும். ஒன்றில் ரத்தம் உறையாமல் காக்கும் வார்ஃபரின். மற்றொன்றில் சிறுநீர்த் தொற்றுக்குக் கோ-டிரைமாக்சசோல். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. நான்காம் நாள் காலை பல் துலக்கியபோது ஈறில் கசிந்த ரத்தம் நிற்கவே இல்லை. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு 3-ஐ ஒட்டி இருக்க வேண்டும்; அது 7-ஐத் தாண்டியிருந்தது.

காரணம் எளிது. கோ-டிரைமாக்சசோலில் உள்ள சல்ஃபாமெத்தாக்சசோல், வார்ஃபரினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை முடக்கிவிடுகிறது. விழுங்கும் மாத்திரை அதேதான். உடம்பில் தேங்கும் மருந்துதான் கூடுகிறது.

கையால் எழுதும் சீட்டு இதைத் தடுக்காது. நினைவை மட்டும் நம்பும் முறை அது. கணினியில் மருந்து எழுதும் முறையில்தான் போட்டி இருக்கிறது: ஆகாத மருந்துச் சேர்க்கையைக் கண்டால் எச்சரித்துவிட்டு வழிவிடுவதா, வழியையே அடைப்பதா?

எச்சரிக்கை கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அன்றாட மருத்துவமனையில் நடப்பது வேறு. சாதாரணப் பொருத்தமின்மைக்கும் உயிரைப் பறிக்கக்கூடிய சேர்க்கைக்கும் திரையில் ஒரே மாதிரிப் பெட்டிதான் எழும் என்றால், மருத்துவரின் விரல் படிக்காமலேயே அதை மூடப் பழகிவிடும். மருந்துப் பாதுகாப்பு எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை புறக்கணிக்கப்படுகின்றன என்று 2006இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று கண்டது. இதை மருத்துவரின் அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. குற்றம் பெட்டியை வடிவமைத்தவர்களுடையது.

அப்படியானால் அடைத்துவிடலாமே? அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவமனைகளில் இதே வார்ஃபரின், கோ-டிரைமாக்சசோல் சேர்க்கைக்கு ஏறக்குறைய முழுத் தடை போட்டுப் பார்த்தார்கள். 2010இல் முடிவு வெளியானது. தடை இருந்த மருத்துவர் குழுவில், திரையில் பெட்டி எழுந்த தருணங்களில் 57.2 சதவீதத்தில் மருந்தை மறுபடி எழுதவில்லை. தடை இல்லாத குழுவில் அது 13.5 சதவீதம்தான். இவ்வளவு நல்ல பலன் கிடைத்தும் சோதனையைப் பாதியில் நிறுத்த நேர்ந்தது. உடனே மருந்து தேவைப்பட்ட நான்கு நோயாளிகளுக்குச் சிகிச்சை தாமதமாகிவிட்டது.

அந்த நான்கு பேரை மறந்துவிட்டு முழுத் தடைக்கு என்னால் ஆதரவு சொல்ல முடியாது. பெரியம்மாவின் ஈறைப் பார்த்த பிறகு வெறும் எச்சரிக்கைக்கும் முடியாது. என் தேர்வு இது: விரல்விட்டு எண்ணக்கூடிய கொடிய சேர்க்கைகளுக்கு மட்டும் தடை, அதைத் திறக்கும் சாவி, இரவு பகல் எந்நேரமும் தொலைபேசியை எடுக்கும் மருந்தாளுநர் கையில். சில்லறை எச்சரிக்கைகள் திரைக்கே வரக் கூடாது.

இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. வேறொரு மருத்துவர் தாளில் எழுதிய மருந்து எந்தக் கணினிக்கும் தெரியாது. அதனால் பெரியம்மா எங்கே போனாலும், எல்லா மாத்திரைகளின் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதிய ஒரே தாளைக் கையோடு கொடுத்தனுப்புகிறேன். முதல் வரியில் வார்ஃபரின். அதைச் சிவப்பு மையால் கட்டம் கட்டியிருக்கிறேன்.