தோலைக் குறைப்பதா, தசையை இழுத்துத் தைப்பதா?

வயதானவர்களுக்கு மேல் இமை தொங்கினால் இரண்டு அறுவை சிகிச்சைகள் பேசப்படும். ஒன்று, மிகுதித் தோலை வெட்டி எடுக்கும் பிளெஃபரோபிளாஸ்டி. மற்றது, இமையைத் தூக்கும் லெவேட்டர் தசையின் நாணை முன்னுக்கு இழுத்து, இமைக்குள் இருக்கும் கெட்டியான தட்டில் தைக்கும் டோசிஸ் (இமை இறக்கம்) அறுவை. இமை விளிம்பே இறங்கியிருந்தால் என் ஓட்டு தசைக்குத்தான்.

தோல் முறையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஊசி போட்டு மரத்துப்போகச் செய்வார்கள், 5 முதல் 7 நாளில் தையல் பிரிப்பார்கள், வீக்கம் சீக்கிரம் வடியும். புருவத்துக்கும் இமை விளிம்புக்கும் இடையில் சுமார் 20 மி.மீ. தோலாவது மிஞ்ச வேண்டும். ஆசைப்பட்டு அதிகம் எடுத்துவிட்டால் தூக்கத்தில் கண் மூடாது.

எதைச் செய்வது என்பதை ஒரு டார்ச்சும் அடிக்கோலும் சொல்லிவிடும். நேரே பார்க்கச் சொல்லி வெளிச்சம் காட்டினால் கண்மணியில் ஒரு புள்ளி மின்னும். அதிலிருந்து மேல் இமை விளிம்பு வரை 4, 5 மி.மீ. இருந்தால் இயல்பு. தோல் மடிப்பை விரலால் ஏந்திப் பிடித்த பிறகும் 2 மி.மீ. அல்லது அதற்குக் கீழ் இருந்தால் குறை தசையில். அங்கே தோலை மட்டும் எடுப்பது, கயிறு தளர்ந்த தட்டிக்கு ஓரம் கத்தரிப்பது மாதிரி.

அடுத்து, புருவத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு கீழே, மேலே பார்க்கச் சொல்லி இமை நகரும் தூரத்தை அளப்பார்கள். 10 மி.மீ.க்கு மேல் என்றால் நாண் தையல் நன்றாகப் பிடிக்கும். 4க்குக் கீழ் என்றால் நெற்றித் தசையோடு சிலிக்கான் கயிற்றால் கட்டித் தூக்கும் வேறு முறைதான்.

தசை முறையின் பெரிய வசதி, மேசையிலேயே திருத்தலாம் என்பது. முழு மயக்கம் வேண்டாம். தற்காலிக முடிச்சுப் போட்டு, எழுப்பி உட்கார வைத்து, இரண்டு கண்ணையும் ஒப்பிட்டு, தேவையானால் தளர்த்துவார்கள். ஆனால் மரப்பு மருந்து அதிகமானால் தசையே சோர்ந்துவிடும். அதில் கலந்த அட்ரினலின் இமையைக் கொஞ்சம் உயர்த்தியும் காட்டும். கணக்குத் தப்புவது இங்கேதான். கொஞ்சம் பேருக்கு மறுபடி திருத்த வேண்டிவரும். இதை மருத்துவர் முன்கூட்டியே சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். ஒரு பக்கம் தூக்கினதும் மறு பக்கம் இறங்குவதும் உண்டு. தொங்கும் இமையை விரலால் தூக்கிப் பார்த்தால் அது முன்பே தெரியும்.

இமையைத் தூக்க உதவும் முல்லர் என்ற சிறு தசையை, இமையின் உட்புறமாகக் குறைக்கும் முறையும் இருக்கிறது. அந்தத் தசையைச் சுருக்கும் ஃபீனைலெஃப்ரின் சொட்டு விட்டுச் சில நிமிடத்தில் இமை ஏறினால் அதற்கு ஏற்றவர். அதை இவ்வளவு அடித்துச் சொல்ல மாட்டேன்.

எந்த முறையானாலும் கண் வறட்சி கூடலாம். கடலூர் சில்வர் பீச் காற்றிலும் இ.சி.ஆர். தூசியிலும் பைக்கில் போகிறவர்கள் சில வாரம் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். செயற்கைக் கண்ணீர்ச் சொட்டும் கைவசம் இருக்கட்டும். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது, இதய மருத்துவரைக் கேட்க வேண்டும். அறுவைக்குப் பின் கடும் வலியோடு பார்வை மங்கினால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

காலையில் சரியாக இருந்து மாலையில் தொங்கினால் முதலில் மயஸ்தீனியா என்ற தசைச் சோர்வு நோய்க்குப் பரிசோதனை. திடீரென்று இமை விழுந்து, இரட்டையாகத் தெரிந்து, கண்மணி விரிந்திருந்தால் அது அழகுப் பிரச்சினையே இல்லை. புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் அவசரப் பிரிவுக்கு நேரே போங்கள்.

காப்பீடு கேட்பவர்கள், இமையை டேப் ஒட்டித் தூக்கியும் தூக்காமலும் எடுத்த பார்வைப்புலப் பரிசோதனை, புகைப்படம் இரண்டையும் அறுவைக்கு முன்னாலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அழகு சிகிச்சை என்று தள்ளிவிடுவார்கள்.